கார்த்திகைக்குப் பின் மழை இல்லையா? மார்கழிப் புயல்கள் பற்றிய குறிப்புகள்

டிசம்பர் 11, காலை

வாசகர் ஒருவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: “கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்பது பழமொழி. இன்னும் சில நாளில் மார்கழி பிறக்கிறது. அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போக டிக்கெட் போட்டுவிட்டோம். இனிமேலும் புயல், தாழ்வு என்று எழுதிப் பயமுறுத்துவது தேவையா?”

தேவை. அதுவும் ராமேஸ்வரம் போகிறவருக்கு. தனுஷ்கோடியை அழித்தது மார்கழிப் புயல்தான். 1964 டிசம்பர் 17 அன்று அந்தமான் கடலின் தெற்கே தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, வட இலங்கையைக் கடந்து, 22ஆம் தேதி இரவு வந்து சேர்ந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊர் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் அலையில் போய்விட்டது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. கிளம்பும் வாரம் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிசம்பர் 11, இரவு

“அறுபது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னால் எப்படி?” என்று இன்னொருவர். சரி, அந்தப் பழமொழிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அது தவறு என்று நான் நினைக்கவில்லை.

வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் கொட்டிவிடுகிறது. டிசம்பர் பாதியைத் தாண்டியதும் மூன்று விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, நம் கரையோரக் கடல் ஆறுகிறது. புயல் வளர ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் கடல்நீர் சூடாக இருக்க வேண்டும் என்பார்கள். டிசம்பர் கடைசியில் வடதமிழகக் கரையில் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கும். இரண்டு, நிலத்திலிருந்து வறண்ட வாடைக்காற்று வங்கக்கடலுக்குள் இறங்கிச் சுழற்சியின் வயிற்றுக்குள் புகுந்துவிடும். மூன்று, தாழ்வுகள் உருவாகும் இடமே தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் தள்ளிப்போய்விடும். அதனால் வருவதில் பாதி இலங்கைக்குப் போகிறது, பாதி கடலிலேயே கரைகிறது.

ஆகப் பத்தில் எட்டு மார்கழிக்குப் பழமொழி சரியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இரண்டைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். அந்த இரண்டும் வரும்போது ஊரே விடுமுறையில் இருக்கும். ஒருவரும் வானத்தைப் பார்க்கமாட்டார்கள்.

டிசம்பர் 12

ஒரு தம்பி ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க வானிலைக் கணிப்பு மாடலின் படத்தை அனுப்பி, “அண்ணே, 25ஆம் தேதி கடலூருக்கு நேரே புயல் காட்டுதே, கிறிஸ்துமஸ் அன்னைக்கா?” என்கிறார்.

அந்தப் படத்தின் மூலையில் எத்தனையாவது மணி நேரக் கணிப்பு என்று எழுதியிருக்கும், அதை முதலில் பாருங்கள். 300 மணிக்கு மேல். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த மாடல் புதிதாக ஓடும். இன்று கடலூர், இன்று ராத்திரி மசூலிப்பட்டினம், நாளை திரிகோணமலை, நாளை மறுநாள் ஒன்றுமே இருக்காது. ஐரோப்பிய மாடலும் அத்தனை நாள் முன்னால் இடம் சொல்லாது. பத்து நாளுக்கு அப்பால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடல் சும்மா இருக்குமா, இருக்காதா? இப்போதைக்கு, சும்மா இருக்காது என்றுதான் தெரிகிறது. இந்தப் படத்தை எடுத்து அம்மாவுக்கும் அத்தைக்கும் வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம்.

டிசம்பர் 14

இன்று சொல்ல ஒன்றுமில்லை. சுமத்ரா பக்கம் மேகம் கூடுகிறது. விடிகாலையில் நல்ல பனி, எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். “இந்த வெயிலைப் பார்த்தால் மழை வரும்போலவா இருக்கு?” என்று கேட்டார்கள். புயல் தூரத்தில் நிற்கும்போது நம் ஊரில் வானம் தெளிந்துதான் இருக்கும். சுற்றியுள்ள காற்று மேலிருந்து கீழே அமுங்குவதால் மேகம் கட்டாது. வெயிலை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்.

டிசம்பர் 17

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். “நீங்கள் எல்லோரும் புயலையே பேசுகிறீர்கள். எங்களை மூழ்கடித்தது புயலா?” என்று கேட்கிறார். அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17. அன்றுதான் மார்கழி முதல் நாள். கடலில் பெயர் வைத்த எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும். அது நகராமல் நின்றது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று ஒரே இடத்தில் வந்து குவிந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை விட அதிகம். தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: புயல் என்றால் பெயர் இருக்கும், கூண்டு ஏறும், டிவியில் வரைபடம் சுழலும். சுழற்சிக்கு அது எதுவும் கிடையாது. மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேருவதே கடினம். ‘புயல் இல்லை, வெறும் மழைதான்’ என்று யாராவது சொன்னால், எவ்வளவு மழை, எத்தனை மணி நேரம், நகருமா நிற்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.

டிசம்பர் 18, காலை

தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காக வரிசை: தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அப்புறம்தான் புயல். காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் பெயர் வைப்பார்கள். 89க்கு மேல் தீவிரப் புயல், 118க்கு மேல் அதிதீவிரப் புயல். இப்போது இருப்பது முதல் படி. பெயர் என்ன என்று கேட்டு இன்று மட்டும் ஏகப்பட்ட செய்திகள். பொறுங்கள்.

டிசம்பர் 18, இரவு

“செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகப் பெரிய மேகக்கூட்டம் இருக்கிறதே, அப்போது வலுவானதுதானே?” என்ற கேள்விக்கு.

மேகம் எவ்வளவு பெரிது என்பதை விட அது சுழற்சி மையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பது முக்கியம். கடல்மட்டத்தில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அது வேறு திசையில், வேறு வேகத்தில் ஓடினால் மேகக் கோபுரம் சரிந்துவிடும். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். டிசம்பர் கடைசியில் வடக்கே போகப் போக மேல்காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும், அதனால்தான் சென்னை நோக்கி ஏறும் தாழ்வுகள் பாதி வழியில் மொட்டையாகின்றன. இன்றைய படத்தில் மேகம் மையத்துக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. இது தேறுமா என்பது நாளை மறுநாள் தெரியும்.

டிசம்பர் 19

கடலூர்த் துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் ஊரையே காலி செய்ய வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை அம்மா. 1, 2 இரண்டும் தூரத்து எச்சரிக்கை: ஆழ்கடலில் ஏதோ இருக்கிறது என்று கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சொல்வது. 3, 4 துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்பது. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரிய ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மீனவர்கள் கூண்டை மட்டும் பார்ப்பதில்லை. கரையில் நிற்கும் பெரியவர்கள் அலை எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது, நீரோட்டம் வடக்கிலிருந்தா தெற்கிலிருந்தா என்று பார்த்துவிட்டு வலையைச் சுருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிவை மாடலோடு சேர்த்து வைத்துப் பேசுகிறவர்கள் நம்மிடையே குறைவு. அது எனக்கு வருத்தம்தான்.

டிசம்பர் 20

ஜிஎஃப்எஸ் இப்போது திரிகோணமலை என்கிறது. ஐரோப்பிய மாடல் காரைக்காலுக்கு வெளியே இரண்டு நாள் நிறுத்துகிறது. “இரண்டில் எதை நம்புவது?” என்றால், மாதி புயலை நினைத்துக்கொள்ளுங்கள்.

2013 டிசம்பர் முதல் பாதி. மாதி வங்கக்கடலில் அதிதீவிரப் புயலாகி வடக்கே ஏறியது. பலரும் ஆந்திரா, ஒடிசா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது நடுக்கடலில் திரும்பி, வந்த வழியே தென்மேற்காக இறங்கியது. இறங்கும்போதே வறண்ட காற்று உள்ளே புகுந்து வலுவிழந்து, டிசம்பர் 12 அன்று வேதாரண்யம் பக்கம் வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது.

இதற்கு நேர்மாறாக 2018 டிசம்பரில் பெய்ட்டி. சென்னைக்காரர்கள் குடை விரித்துக் காத்திருந்தார்கள். அது ஒரு சொட்டும் தராமல் நேரே வடக்கே போய் 17ஆம் தேதி காக்கிநாடா பக்கம் கரையைக் கடந்தது. 2020 டிசம்பரில் புரெவி இன்னொரு மாதிரி: திரிகோணமலையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் வந்து நின்று, அங்கேயே செத்தது. புயலாகக் கரை தொடவே இல்லை. ஆனால் அது நின்ற நேரத்தில் சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

ஆகவே பாதைக் கோட்டைப் பார்த்து, ‘நம் ஊர் கோட்டில் இல்லை’ என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்த மாதத்தில் வரும் தாழ்வுகளுக்கு மழை மையத்துக்கு வடக்கிலும் வடமேற்கிலும்தான் குவியும். மையம் இலங்கையில் இருந்தால் மழை டெல்டாவில்.

டிசம்பர் 21

அமெரிக்காவில் ரோசெஸ்டரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அங்கே கிறிஸ்துமஸ் வாரத்துக்குப் பனிப்புயல் எச்சரிக்கை. அவர் ஊர்க் குழுவிலும் நம்மைப் போலவே ஜிஎஃப்எஸ்ஸா ஐரோப்பிய மாடலா என்று சண்டை நடக்கிறதாம். “உங்கள் புயலும் எங்கள் புயலும் ஒன்றா அண்ணா?” என்று கேட்கிறார்.

இரண்டும் தாழ்வழுத்தம்தான், சாப்பாடு வேறு. நம்முடையது கடல் சூட்டைத் தின்று வளர்கிறது, மையம் சூடானது. அங்கே ஒரு பக்கம் வடதுருவத்திலிருந்து இறங்கும் கடுங்குளிர், இன்னொரு பக்கம் தெற்கின் வெதுவெதுப்பு, இரண்டும் மோதும் இடத்தில் புயல் எழுகிறது. அதனால் அது நிலத்தின் மேலேயே வளரும், கரையைத் தொட்டதும் சாகாது. ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கும் விரியும்.

அவர் ஊருக்குப் பக்கத்து நகரம் பஃபலோ. 2022 கிறிஸ்துமஸுக்கு அங்கே நடந்ததை நான் நாள் முழுக்கத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 23 தொடங்கி நாலைந்து நாளில் விமான நிலையத்தில் 50 அங்குலத்துக்கு மேல் பனி. உறையாத ஈரி ஏரியின் மேல் கடுங்குளிர்க் காற்று ஓடி, ஏரியின் ஈரத்தை எல்லாம் பனியாக்கி ஒரே ஊரின் தலையில் கொட்டியது. எச்சரிக்கை நாட்கணக்கில் முன்னாலேயே வந்திருந்தது. அப்படியும் அந்த ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காருக்குள் சிக்கியவர்கள், சூடேற்ற மின்சாரம் இல்லாத வீட்டில் இருந்தவர்கள், ஆம்புலன்ஸ் வர முடியாமல் போனவர்கள். கடைசி நேரச் சாமான் வாங்க, உறவினர் வீட்டுக்குப் போக என்று வெளியே இருந்த நேரம் அது.

தங்கைக்கு: வண்டியில் போர்வை, தண்ணீர், டார்ச் வையுங்கள். முடிந்தால் கிளம்பவே வேண்டாம். விருந்து ஒரு வாரம் கழித்தும் சாப்பிடலாம்.

டிசம்பர் 22

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், “பனியில் மாட்டுவதையும் மழையில் மாட்டுவதையும் ஒன்றாகப் பேசலாமா?” என்கிறார். குளிரில் மாட்டினால் மணிக்கணக்கில் உயிர் போகும், மழையில் அப்படி இல்லை. வித்தியாசம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். நான் சேர்த்துப் பேசியது நாட்காட்டியை மட்டும்தான். 1964இல் ரயில், 2023இல் ரயில், பஃபலோவில் கார். வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் ஜனங்கள் வழியில் இருந்தார்கள். இந்த வாரம் நம் பக்கம் சபரிமலைக் கூட்டம் இருக்கிறது, மேல்மருவத்தூர்க் கூட்டம் இருக்கிறது, வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள், திருவாதிரைக்குச் சிதம்பரம் போகத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் வேளாங்கண்ணிக்கும் சிதம்பரத்துக்கும் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைப் பக்கத்து ஊர்களில்தான் இருப்பார்கள்.

டிசம்பர் 23, மாலை

தாழ்வுப் பகுதி இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் வந்துவிட்டது. வலுக்கவில்லை, புயலாகும் வாய்ப்பு இனி இல்லை என்றே சொல்வேன். மேகம் கழன்று வடமேற்கே வருகிறது. காரைக்கால் ரேடாரில் நாகைக்குக் கிழக்கே மஞ்சளும் சிவப்புமாகக் கோடு கோடாக மேகம். ஒவ்வொரு கோடும் கரையேறிப் பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போகும், பின்னாலேயே அடுத்தது வரும்.

வேதாரண்யம், கோடியக்கரை, வேளாங்கண்ணி, நாகப்பட்டினம்: இன்று இரவும் நாளையும் கனமழை. ஓரிரு இடத்தில் மிக கனமழைகூட வரலாம். அதாவது 12 செ.மீ.க்கு மேல். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்கள் ராத்திரி சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டிப் படுக்காமல் ஏதாவது கட்டிடத்துக்குள் ஒதுங்குங்கள். அரையாண்டு விடுமுறை ஓடுவதால், “நாளைக்குப் பள்ளி உண்டா?” என்று என்னைக் கேட்க ஒரு பிள்ளையும் வராத ஒரே மழை இதுதான்.

டிசம்பர் 24, காலை 9 மணி

எங்கள் மாடியில் 41 மி.மீ. மழைமானியின் புனலில் ஒரு வேப்பிலைக் காம்பு குறுக்கே விழுந்து, அதன் மேல் இரண்டு கட்டெறும்பு ஒட்டிக்கொண்டிருந்தன. காம்பை எடுத்ததும் தேங்கி நின்ற கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கி அளவு கூடியது. மானி வைத்திருக்கிறவர்கள் அளப்பதற்கு முன் புனலைப் பாருங்கள்.

“செய்தியில் எங்கள் ஊருக்கு 6 செ.மீ. என்றார்கள், என் மானியில் 3தான்” என்று ஒருவர். வானிலை மையத்தின் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடியும். நீங்கள் நள்ளிரவில் காலி செய்தால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். அதோடு, இந்த மாதிரி கோடுமேக மழை தெருவுக்குத் தெரு மாறும்.

டிசம்பர் 25

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வேளாங்கண்ணியிலிருந்து நண்பர் ஒருவர்: நள்ளிரவுப் பூசைக்கு வந்த கூட்டம் குடையும் பிளாஸ்டிக் பையுமாக நின்று பார்த்துவிட்டுத்தான் போனதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

டிசம்பர் 26

சுனாமி நினைவு நாள். கடலில் பால் ஊற்ற இறங்குகிறவர்கள் கேட்டதால்: தாழ்வு போய்விட்டாலும் வாடைக்காற்று பலமாக இருக்கிறது, அலை உயரம். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். கரையில் நின்றே ஊற்றுங்கள்.

டிசம்பர் 29

கர்ப்போட்டம் தொடங்கிவிட்டதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் நாட்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். இன்றைக்கு ஒட்டித் தொடங்கிப் பொங்கலுக்கு முன் முடியும். இந்த நாட்களில் கருமேகம் தெற்கு நோக்கி ஓடினால் அடுத்த வருடம் அந்தந்தக் காலத்துக்கு மழை உண்டு என்பது கிராமத்துக் கணக்கு. எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து மேகம் பார்த்துப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார்.

இதை மாடலோடு மோதவிட எனக்கு விருப்பமில்லை. ஒன்றைச் சொல்கிறேன்: வாடைக்காற்று நிலையாக அடிக்கிறதா, அதில் ஈரம் இருக்கிறதா என்பதைத்தான் அந்தக் கண்கள் பார்த்தன. ஆறு மாதம் கழித்து வரும் மழையை அது சொல்லுமா என்றால், பல வருடக் குறிப்பை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் பேச முடியும். அப்பாவின் பஞ்சாங்கங்கள் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

டிசம்பர் 30

இன்று தானே புயல் வந்த நாள். 2011. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கிறிஸ்துமஸ் அன்றுதான் அது தாழ்வு மண்டலமானது. ஊரில் அன்று யாரும் அதைப் பேசவில்லை. மார்கழி பாதி ஆகிவிட்டது, இனி என்ன வரப்போகிறது என்ற நினைப்பு. புதுச்சேரியில் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வடக்கே போகும், ஆறின கடலில் வலுவிழக்கும் என்று படித்தவர்களும் சொன்னார்கள். அது மேற்கே திரும்பி, அதிதீவிரப் புயலாக, 30ஆம் தேதி காலை ஆறரை, ஏழு மணி வாக்கில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ.

எங்கள் வீடு பண்ருட்டிப் பக்கம். இரவெல்லாம் காற்று வடக்கிலிருந்து. ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் மாடி வீட்டுக்காரர் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தோம். காற்றின் சத்தத்தில் மரம் முறியும் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. விடிந்தபோது காற்று தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. முதல் காற்றுக்குச் சாய்ந்து தொற்றிக்கொண்டு நின்ற மரங்களை இரண்டாவது காற்று முறுக்கிப் பிடுங்கியது.

மழை விட்டதும் தோப்புக்குப் போனோம். தாத்தா காலத்துப் பலா ஒன்று வேரோடு மல்லாந்திருந்தது. வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றது, செம்மண் அப்பியபடி. அறுந்த வேர்களில் மஞ்சளாகச் சாறு. அது பிடுங்கப்பட்ட குழியில் மழைத் தண்ணீர் சிவப்பாக நின்றது. அதற்கு அப்பால் முந்திரித் தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. நடுவே நடந்துபோக வழி இல்லை, கிளை மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். பச்சை மரம் பிளந்த வாடை நாள்கணக்கில் ஊரில் நின்றது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 40 பேருக்கு மேல் உயிர் போனது. எங்கள் ஊருக்குப் பொங்கல் நெருங்கும்போதுதான் மின்சாரம் வந்தது. அதையெல்லாம் ஊர் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது மரம். நெல் போனால் அடுத்த பட்டத்தில் நட்டுவிடலாம். முந்திரி காய்க்கச் சில வருடம், பலா நன்றாகக் காய்க்கப் பல வருடம். தோப்பை நம்பிக் கல்யாணம் நிச்சயித்திருந்தவர்கள், பலாவைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். அதில் சிலர் திரும்பவில்லை. டிவியில் தானே இரண்டு வாரம் ஓடியது. பண்ருட்டியில் அது பத்து வருடம் ஓடியது.

2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னையைப் பிடுங்கியபோதும் எனக்கு அந்தக் குழிதான் ஞாபகம் வந்தது. கஜா சமயத்தில் பேராவூரணி நண்பர், “தென்னை போன வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கு” என்றார். அவரிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 31

நேற்றைய குறிப்புக்கு ஒருவர்: “முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் மரத்தை என்ன செய்திருக்க முடியும்?”

கொஞ்சம் செய்யலாம். தென்னையில் பழுத்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். பலா, மா, முந்திரிக்கு அடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று ஊடே போகும். இதைப் புயலுக்கு முந்தின நாள் செய்ய முடியாது, கார்த்திகைக்கு முன்னாலேயே செய்ய வேண்டும். 140 கி.மீ. காற்றுக்கு எல்லா மரமும் நிற்காது என்பதும் உண்மை. பத்தில் இரண்டு நின்றாலும் அந்தக் குடும்பம் ஊரில் இருக்கும்.

ஜனவரி 2

திருத்துறைப்பூண்டியிலிருந்து விவசாயி ஒருவர்: “சம்பா பால் பிடித்து முற்றி வருகிறது. பொங்கலுக்கு முன்னால் இன்னொரு மழை வருமா? அறுவடை மெஷினுக்கு இப்போதே சொல்லிவைக்கவா?”

ஐயா, 8ஆம் தேதி வாக்கில் இன்னொரு கிழக்கு அலை, அதாவது கிழக்குக் காற்றில் நகர்ந்து வரும் மழைச் சலனம், இலங்கைக்குத் தெற்கே தெரிகிறது. மாடல்கள் இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் ஜனவரி மழையை லேசாக நினைக்க வேண்டாம். 2021 பொங்கலுக்கு முன்னால் டெல்டாவில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், இலங்கையைத் தொட்ட ஒரு தாழ்வு மண்டலத்தால் அறுவடைக்கு நின்ற பயிர் மூழ்கியது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. செலவுக்குக்கூட அது காணாது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மெஷினுக்குச் சொல்லிவையுங்கள். பழுத்த வயலை 6ஆம் தேதிக்குள் அறுத்துவிடப் பாருங்கள். பால் பருவத்தில் நிற்பதை அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், அதற்கு வடிகாலைத் தூர்வாரி வரப்பில் வாய்மடையைத் திறந்துவையுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்த ரசீதைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் தேதி மாலை ஐரோப்பிய மாடல் வந்ததும் இங்கே எழுதுகிறேன். போன் வசதி இல்லாத பக்கத்து வயல்காரருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.